விற்பனைப் போட்டியும் ஒற்றைப் பரிசும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டு வருடம் விற்பனைப் பிரிவில் இருந்தேன். முதல் பாதி டார்கெட்டைத் துரத்தினேன், மறுபாதி டார்கெட்டைப் பிரித்துக் கொடுத்தேன். இப்போது புதிதாக டீம் லீடர் ஆனவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். எந்த ஊழியர் கூட்டத்திலும் "கான்டெஸ்ட்" என்ற பேச்சு எடுத்ததும் அதே பத்துப் பன்னிரண்டு சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை எழுதி, வகுப்பில் நேரமில்லாமல் விட்டுப்போனதையும் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

1. கமிஷன், இன்சென்டிவ், கான்டெஸ்ட் எல்லாம் ஒண்ணுதானே சார்?

இல்லை. கமிஷன் என்பது விற்றதற்கு ஏற்ப விகிதப்படி வருவது. இன்சென்டிவ் பெரும்பாலும் ஓர் அளவைத் தாண்டினால் வருவது. இரண்டிலும் பக்கத்து சீட்டுக்காரர் எவ்வளவு விற்றார் என்பது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம். கான்டெஸ்ட் மட்டும்தான் நீங்கள் வரிசையில் எத்தனாவது ஆள் என்று பார்க்கிறது. போன மாதத்தைவிட இரண்டு மடங்கு விற்றிருப்பீர்கள். இன்னொருவர் உங்களைவிட ஒன்றே ஒன்று கூடுதலாக விற்றிருந்தால் பரிசு அவருக்குத்தான்.

ஆக, நான் நன்றாகச் செய்தாலும் எனக்கு லாபம், அடுத்தவர் சறுக்கினாலும் எனக்கு லாபம். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கும் மேல் இந்த இடத்திலிருந்து முளைப்பவைதான்.

2. போட்டின்னு வந்தாத்தானே மனுஷன் ஓடுவான்?

பரிசு எட்டும் தூரத்தில் இருந்தால் ஓடுவார். எட்டாது என்று தெரிந்துவிட்டால் நடப்பார். ஒரே ஒரு பெரிய பரிசு வைத்த போட்டியில் பத்தாம் தேதிக்குள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும். முதல் இரண்டு மூன்று பேரைத் தவிர மற்றவர்கள் லீடர்போர்டை, அதாவது யார் எத்தனாவது இடம் என்று காட்டும் பலகையை, பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேர் உள்ள டீம். முதல் இருவர் ஆளுக்கு 20 விற்கிறார்கள். நடுவில் உள்ள ஆறு பேர் ஆளுக்கு 10. கடைசி இருவர் ஆளுக்கு 5. மொத்தம் 110. போட்டி வைத்ததால் முதல் இருவர் 10 சதவீதம் கூடுதலாக விற்றால் கிடைப்பது 4. "எப்படியும் அவங்கதானே வாங்கப் போறாங்க" என்று நடு ஆறு பேர் 10 சதவீதம் தளர்ந்தால் போவது 6. மேடையில் கைதட்டல் கேட்கும், மொத்தத்தில் இரண்டு குறைந்திருக்கும். டீமின் சுமையில் பாதிக்கு மேல் தூக்குவது அந்த நடு ஆறு பேர்தான். போட்டியைத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் அவர்களை நினைப்பதே இல்லை.

3. முதல் பரிசு கார், ரெண்டாவது பரிசு டிபன் பாக்ஸ். ஏன் இப்படி மலைக்கும் மடுவுக்குமா வைக்கிறாங்க?

இதற்குப் பின்னால் ஒரு பொருளாதாரக் கணக்கு உண்டு. 1981-இல் எட்வர்ட் லாஸியர், ஷெர்வின் ரோசன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் வேலையிடத்தை ஒரு விளையாட்டுப் போட்டித் தொடராகப் பார்த்து எழுதினார்கள். ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இடையே பரிசில் உள்ள இடைவெளி பெரிதாக இருந்தால் உழைப்பும் கூடும் என்பது அதன் சாரம். விற்பனையில் அதிர்ஷ்டத்தின் பங்கு கூடக்கூட, அதே உழைப்பை வாங்குவதற்கு இடைவெளியும் பெரிதாக இருக்க வேண்டும் என்றும் அந்தக் கணக்கு சொல்லும். கார் வந்த வழி இதுதான்.

பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே லாஸியர் 1989-இல் எழுதியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இடைவெளி பெரிதானால் ஒருவருக்கொருவர் உதவுவது குறையும், அடுத்தவர் காலை வாருவது லாபமான வேலையாகிவிடும், அதனால் சேர்ந்து செய்ய வேண்டிய வேலைகளில் இடைவெளியைச் சுருக்குவதே நல்லது என்று அவரே எழுதினார். லீடை (வாங்கக்கூடியவர் பற்றிய தகவலை) மறைப்பது, லீவில் இருப்பவருக்கு வந்த போனை அவரிடம் சொல்லாமல் விடுவது, புதிதாகச் சேர்ந்தவருக்குத் தொழிலைச் சொல்லித் தராமல் இருப்பது எல்லாம் இந்த "காலை வாருதல்" கணக்கில் வரும். இவற்றில் எதையும் செய்ததாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கார் பரிசு வைத்த மாதத்தில் மட்டும் டீ குடிக்கப் போகும்போது யாரும் யாரிடமும் கஸ்டமர் பெயரைச் சொல்ல மாட்டார்கள், கவனித்துப் பாருங்கள்.

4. கான்டெஸ்ட் வச்ச மாசம் விற்பனை ஏறுச்சே? கண்ணால பார்த்தேனே!

நானும் பார்த்திருக்கிறேன், ஏற்றியும் இருக்கிறேன். ஒரு மாதக் கடைசி. இரவு எட்டேகால். முதல் இடத்துக்கு எனக்குப் பதினோரு பெட்டி தேவைப்பட்டது. பழக்கமான ஒரு கடைக்காரருக்குப் போன் போட்டேன். "அண்ணே, இன்னைக்குத் தேதியில பில் போட்டுக்கிறேன். சரக்கை இறக்க வேணாம், அடுத்த வாரம் ரிட்டர்ன் எழுதிடலாம்" என்றேன். அவர் சரி என்றார். பதினோரு பெட்டியும் கிடங்கில் அதே மூலையில், ஒட்டிய டேப் பிரியாமல் இருந்தன. பரிசு வாங்கிய போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் எட்டாம் தேதி அவை ரிட்டர்ன் கணக்கில் வந்தன. அதைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

இது என் தனிப்பட்ட கோளாறு மட்டும் இல்லை. நிறுவனங்களின் விற்பனை நிதியாண்டின் கடைசியில் குவிந்து, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் படுப்பதை 1998-இல் பொருளாதார ஆய்வாளர் பால் ஓயர் எடுத்துக் காட்டினார். பெரிய நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கும் ஒரு கம்பெனியின் கணக்குகளை அலசிய இயன் லார்கின், 2014-இல் வெளியான தன் ஆய்வில் இன்னும் நெருங்கிப் போனார். காலாண்டுக்குள் கூடுதலாக விற்க விற்க கமிஷன் விகிதம் ஏறிக்கொண்டே போகும் ஏற்பாடு அங்கே இருந்தது. அதனால் விற்பனையாளர்கள் தங்களுக்குச் சாதகமான காலாண்டுக்குள் ஆர்டரைக் கொண்டுவர அதிகத் தள்ளுபடி கொடுத்தார்கள். இதில் வருமானத்தின் 6 முதல் 8 சதவீதம் வரை கரைந்தது என்பது அவர் கணக்கு.

ஆகவே போட்டி நடந்த மாதத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். அதற்கு முந்தைய மாதம், பிந்தைய மாதம் இரண்டையும் சேர்த்துக் கூட்டுங்கள். ரிட்டர்ன், கேன்சல், தள்ளுபடி மூன்றையும் கழியுங்கள். அப்புறமும் ஏற்றம் இருந்தால் அது உண்மையான ஏற்றம்.

5. கடைசி ஆளுக்கு ஒரு கேலிப் பரிசு கொடுக்கிறோம். சும்மா தமாஷுக்குத்தான். அது தப்பா?

தப்பு. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

நான் டீம் லீடராக இருந்தபோது எங்கள் ஆபீஸில் ஒரு பிளாஸ்டிக் ஆமை இருந்தது. உள்ளங்கை அளவு, பச்சை நிறம். மாதக் கடைசி இடக்காரரின் மேஜையில் அது அடுத்த முப்பது நாள் இருக்க வேண்டும். ஒரு மாதம் அதை என் கையாலேயே ஒருவர் மேஜையில் வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அடுத்த நாள் பார்த்தால் ஆமையின் முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதற்கும் அடுத்த வாரம் அதன் முன்னால் ஒரு ஃபைல் அடுக்கு எழுந்திருந்தது. யாராவது அந்தப் பக்கம் போனால் அவர் ஃபைலைச் சரிசெய்வதுபோல் எழுந்து நின்றுகொள்வார்.

அவருக்குக் கொடுத்திருந்தது எங்களிடம் இருந்ததிலேயே வறண்ட ஏரியா. முன்பு அங்கே போன இரண்டு பேர் கைவிட்டது. நான்கு மாதத்தில் அவர் வேலையை விட்டார். அவரை நம்பி வாங்கிக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க எனக்கு ஏழு வருடம் ஆயிற்று. "அதெல்லாம் மறந்துட்டேன் தம்பி" என்றார். ஆமையின் நிறத்தை மட்டும் சரியாகச் சொன்னார்.

தமாஷ் என்றால் சம்பந்தப்பட்டவர் "வேண்டாம்" என்று சொல்ல இடம் இருக்க வேண்டும். சம்பளம் கொடுக்கும் இடத்தில் அந்த இடம் இல்லை.

6. கடைசி 10 சதவீதம் பேரை வீட்டுக்கு அனுப்புனா மத்தவங்க ஒழுங்கா வேலை செய்வாங்க. பெரிய கம்பெனிகளே செஞ்சதாச்சே?

செய்தன. 1981 முதல் 2001 வரை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் இதைப் பிரபலமாக்கினார். மேலே 20, நடுவில் 70, கீழே 10 என்று பிரித்து, அந்த 10 சதவீதத்தினரை வெளியேற்றுவது அவர் முறை. அந்த நிறுவனமே பின்னாளில் இந்தக் கட்டாய விகிதத்தைக் கைவிட்டது. இதுபோல ஊழியர்களைக் கட்டாய வரிசையில் நிறுத்திய மைக்ரோசாஃப்ட், 2013 நவம்பரில் அதை நிறுத்தியது.

ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பத்துப் பேரும் நன்றாக வேலை செய்யும் டீமில் கடைசி ஆள் யார்? அங்கேயும் ஒருவர் இருப்பார். அவரை அனுப்பிவிட்டுப் புதியவரை எடுத்தால், அவர் தொழில் பழகும்வரை அந்த ஏரியாவில் யார் விற்பது? திறமையானவர்கள் தங்களைவிடத் திறமையானவர்கள் இருக்கும் டீமுக்குப் போகவும் தயங்குவார்கள். பலவீனமான டீமில் முதல் ஆளாக இருப்பதுதான் அங்கே பாதுகாப்பு.

7. ஏமாத்துறவன் எங்க இருந்தாலும் ஏமாத்துவான். அதுக்குக் கான்டெஸ்ட் என்ன பண்ணும்?

கெட்டவர் நான்கு பேர் என்றால் இந்த வாதத்தை ஏற்கலாம். ஆயிரக்கணக்கில் என்றால்?

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுக் கணக்குகள் அல்லது சேவைகளை விற்க வேண்டும் என்பது இலக்காக இருந்தது. ஆங்கிலத்தில் எட்டுக்கும் (எய்ட்) "பிரமாதம்" என்பதற்கும் (கிரேட்) எதுகை வரும், அதை வைத்தே ஒரு கோஷம் இருந்தது. "ஜம்ப் இன்டு ஜனவரி" என்று வருடத் தொடக்கத்தில் ஒரு விற்பனை ஓட்டமும் இருந்தது. அந்த மாதம் தினசரி இலக்கு கூடும். சொந்தக்காரர்கள், நண்பர்கள் பெயரையெல்லாம் பட்டியல் எடுக்கச் சொன்னார்கள். வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டபோது, இதற்காகச் சில ஆண்டுகளில் சுமார் 5,300 ஊழியர்கள் நீக்கப்பட்டிருந்தார்கள். அனுமதியின்றித் திறந்திருக்கக்கூடிய கணக்குகள் 35 லட்சம் வரை இருக்கலாம் என்று அடுத்த ஆண்டு வங்கியே சொன்னது. 2020-இல் இன்னொரு 300 கோடி டாலர் கட்ட வேண்டி வந்தது. 5,300 பேரும் பிறவியிலேயே ஏமாற்றுக்காரர்கள், எல்லோரும் ஒரே வங்கியில் போய்ச் சேர்ந்தார்கள் என்று நம்ப முடிகிறதா?

இது புதிதும் இல்லை. 1992-இல் சியர்ஸ் என்ற அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனத்தின் கார் பழுதுபார்க்கும் மையங்கள் தேவையில்லாத வேலைகளைச் செய்து பணம் வாங்கின என்று கலிஃபோர்னியா அரசு குற்றம் சாட்டியது. கமிஷனும், இத்தனை பாகங்கள் விற்க வேண்டும் என்ற இலக்கும்தான் பின்னணி. தாங்கள் வைத்த ஊக்கத்தொகை முறையே தவறுகளுக்கு வழி செய்தது என்று நிறுவனத் தலைவர் ஒப்புக்கொண்டு, அந்தக் கமிஷனை நிறுத்தினார்.

2004-இல் மாரிஸ் ஷ்வைட்சரும் உடன் ஆய்வாளர்களும் சாதாரண மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எழுத்துகளைக் கலைத்துப் போட்டுச் சொற்களைக் கண்டுபிடிக்கச் சொல்லி, எத்தனை கண்டுபிடித்தீர்கள் என்று அவர்களையே எழுதச் சொன்னார்கள். இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் கூட்டி எழுதினார்கள், இலக்குக்கு ஓரிரண்டே குறைவாக இருந்தவர்கள் இன்னும் அதிகமாக. 4-ஆம் பதிலில் வரும் என் பதினோரு பெட்டியும் அதே ரகம். முப்பது பெட்டி குறைந்திருந்தால் போனைக் கையில் எடுத்திருக்க மாட்டேன்.

8. மாசா மாசம் ஒரே ஆள்தான் ஜெயிக்கிறார். அப்ப அவர் உண்மையிலேயே கெட்டிக்காரர்தானே?

இருக்கலாம். ஏரியாவை மாற்றிக் கொடுத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது.

தரக் கட்டுப்பாட்டு நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங் தன் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவார். ஒரு தொட்டி நிறைய மணிகள், ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு, மீதி வெள்ளை. 50 குழிகள் உள்ள ஒரு பலகையைத் தொட்டிக்குள் விட்டு மணிகளை அள்ள வேண்டும். சிவப்பு வந்தால் அது குறையுள்ள சரக்கு. ஆறு பேர் மாறி மாறி அள்ளுவார்கள். ஒருவருக்கு ஆறு சிவப்பு வரும், டெமிங் பாராட்டுவார். இன்னொருவருக்குப் பதினான்கு வரும், கண்டிப்பார். கடைசியில் மோசமாக அள்ளியவர்களை வேலையை விட்டே நீக்குவார். எல்லோரும் ஒரே பலகையால், ஒரே தொட்டியிலிருந்துதான் அள்ளியிருப்பார்கள். பாராட்டு வாங்கியவர் அடுத்த முறை அதே குறைவான எண்ணிக்கையை எடுத்தாக வேண்டும் என்று நிஜமாகவே முனைவதைப் பார்ப்பவர்களுக்கு மனது கஷ்டமாக இருக்கும்.

விற்பனையில் திறமைக்கு இதைவிட அதிகப் பங்கு உண்டு. ஆனால் வளமான ஏரியா, பழைய கஸ்டமர் பட்டியல், ஒரு பெரிய ஆர்டர் தற்செயலாக வந்து விழுவது என்று தொட்டியில் கிடக்கும் மணிகளும் உண்டு. ஒரு மாத எண்ணிக்கையை வைத்து ஒருவரைத் தூக்கி வைப்பதும், 5-ஆம் பதிலில் நான் செய்ததுபோல ஆமையை வைப்பதும் ஒரே அவசரம்தான்.

9. அப்போ போட்டியே வைக்கக் கூடாதுங்கிறீங்களா?

அப்படிச் சொல்லவில்லை. தட்டையான ஒரு மாதத்தில் ஒரு சின்னப் போட்டி உற்சாகம் தரும், அதை நானே அனுபவித்திருக்கிறேன். யாருக்குப் பரிசு, எத்தனை பேருக்கு, எதை எண்ணுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பழைய முறை ஒன்றைப் பாருங்கள். விற்பனையைப் பதிவு செய்யும் கல்லாப் பெட்டி இயந்திரங்களை விற்ற என்சிஆர் நிறுவனத்தை நடத்திய ஜான் பாட்டர்சன், விற்பனை இலக்கு என்பதை முறைப்படுத்திய முன்னோடிகளில் ஒருவர். ஒவ்வொருவருக்கும் ஏரியாவைத் தனியாக ஒதுக்கி, அந்த ஏரியாவுக்கு ஏற்ற இலக்கை வைத்தார். இலக்கைத் தொட்டவர்களுக்கு "நூறு புள்ளி" சங்கம். அங்கே வேலை பழகிய தாமஸ் வாட்சன் பின்னர் ஐபிஎம்முக்குத் தலைமை வகித்த காலத்தில் அங்கே "நூறு சதவீத" சங்கம் இருந்தது. இரண்டிலும், தொட்டவர் எல்லோருக்கும் உள்ளே இடம். நீங்கள் நுழைவதற்காக நான் வெளியே போக வேண்டியதில்லை. பாட்டர்சன் மென்மையான மனிதர் இல்லை, ஆட்களைச் சட்டென்று நீக்கியதற்குப் பேர்போனவர். இருந்தும் இந்த ஓர் ஏற்பாட்டை ஒழுங்காகச் செய்தார்.

வரிசைப்படிதான் பரிசு என்றாலும் பரிசை ஒருவரிடம் குவிக்காதீர்கள். 2001-இல் அஜய் கல்ரா, மெங்ஸே ஷி இருவரும் இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தார்கள். ரிஸ்க் எடுக்கப் பயப்படுகிறவர்கள் நிறைந்த டீமில் ஜெயிப்பவர்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், ஆனால் அது பாதிப் பேரைத் தாண்ட வேண்டாம் என்று வந்தது. 2009-இல் நோவா லிம்மும் உடன் ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்தபோதும், ஒருவருக்கு மட்டும் பரிசு என்பதைவிடப் பலருக்குப் பரிசு என்றபோது உழைப்பு கூடியது. என் அனுபவத்தில் பத்துப் பேருக்கு நான்கு பரிசு நன்றாக வேலை செய்தது.

எதை எண்ணுவது என்பதில் இன்னும் கவனம் வேண்டும். போட்ட பில்லை எண்ணாதீர்கள், பணம் வந்து ரிட்டர்ன் காலமும் முடிந்த பில்லை எண்ணுங்கள். முடிந்தால் ஒவ்வொருவரையும் அவருடைய போன வருட அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். வறண்ட ஏரியாக்காரருக்கும் அப்போது ஒரு வழி திறக்கும்.

10. தனி ஆளுக்குப் பதிலா டீமுக்கு டீம் போட்டி வச்சா?

ஒரே டீமுக்குள் உதவி கூடும், அது நல்லது. ஆனால் 3-ஆம் பதிலில் சொன்ன காலை வாருதல் இப்போது டீமுக்கும் டீமுக்கும் நடுவில் நடக்கும். ஒரே கஸ்டமரிடம் இரண்டு டீமும் போகிற மாதிரி ஏரியா இருந்தால் வேண்டாம்.

11. பெரிய பரிசை எடுத்துட்டா எங்க ஸ்டார் விற்பனையாளர் வேற கம்பெனிக்குப் போயிடுவாரே?

நியாயமான பயம். அவருக்கு அதிகம் கிடைக்கத்தான் வேண்டும், மற்றவரைத் தோற்கடிக்காமலே கிடைக்க வேண்டும். இலக்கைத் தாண்டிய பிறகு விற்கும் ஒவ்வொன்றுக்கும் கூடுதல் கமிஷன் வைக்கலாம். டக் சங், தாமஸ் ஸ்டீன்பர்க், கே. சுதிர் மூவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சுட்டுகிறது. இலக்கு தாண்டியவர்களை ஓட வைப்பது இந்தக் கூடுதல் கமிஷன். பின்தங்கியவர்களைக் கூடவே வரச் செய்வது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் போனஸ். ஒரே பரிசு எல்லோரையும் தள்ளாது.

கூடுதல் கமிஷன் என்றதும் 4-ஆம் பதிலில் வந்த லார்கினின் ஆய்வு ஞாபகம் வந்திருந்தால் நல்லது. அந்த ஆபத்து இங்கேயும் உண்டு. ஆகவே தள்ளுபடி கொடுக்கும் அதிகாரத்தை விற்பனையாளர் கையில் விடாதீர்கள்.

12. நான் டீம் லீடர்தான். கான்டெஸ்ட் மேலிருந்து வந்தது. நிறுத்துற அதிகாரம் எனக்கில்லை. நான் என்ன செய்யணும்?

உங்கள் எல்லைக்குள் நிறைய இருக்கிறது. லீடர்போர்டை முழுதாக மாட்டாதீர்கள். முதல் நான்கு பெயரை மட்டும் மாட்டுங்கள், மற்றவர்களிடம் அவரவர் எண்ணைத் தனியாகச் சொல்லுங்கள். கடைசிப் பெயரைக் கூட்டத்தில் வாசிக்காதீர்கள். மாதத்தின் கடைசி இரண்டு நாள் பில்களை நீங்களே ஒருமுறை பார்த்துவிட்டு, சந்தேகமானதைத் திருப்பி அனுப்புங்கள். உங்கள் டீமின் எண் குறையும், மேலே இருப்பவர் கேட்பார். 4-ஆம் பதிலில் சொன்ன மூன்று மாதக் கூட்டலைக் காட்டுங்கள். நான் அதைக் காட்டியபோது முதல் முறை திட்டுதான் விழுந்தது. இரண்டாம் முறை என் மேனேஜரே அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

13. மூணு மாசமா நான்தான் கடைசி. வேலையை விட்டுடலாமா?

உடனே வேண்டாம். முதலில் அது நீங்களா, 8-ஆம் பதிலில் வந்ததுபோல உங்கள் தொட்டியா என்று பாருங்கள். ஒரு தாளில் நான்கு எண் எழுதுங்கள்: எத்தனை பேரைச் சந்தித்தீர்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், உங்கள் ஏரியாவில் மொத்தம் எத்தனை கஸ்டமர்கள், உங்களுக்கு முன் அங்கே இருந்தவர் எவ்வளவு விற்றார். சந்தித்தவர்களில் வாங்கியவர்களின் விகிதம் மற்றவர்களுடையதைப் போலவே இருந்தால் பேச்சில் குறை இல்லை, ஏரியாவில்தான். விகிதமே குறைவு என்றால் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது. நன்றாக விற்கிறவரோடு இரண்டு நாள் கூடப் போய்ப் பாருங்கள், போட்டி இல்லாத மாதத்தில் போனால் மனம் விட்டுச் சொல்லித் தருவார்.

இடையில் யாராவது "பில்லை மட்டும் போடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் செய்யாதீர்கள். 7-ஆம் பதிலில் வந்த வங்கியில் முதலில் வேலை போனது பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்து கணக்குத் திறந்தவர்களுக்குத்தான். ஆமை மாதிரி ஏதாவது உங்கள் மேஜைக்கு வந்தால், எச்.ஆருக்கு நாலே வரியில் மெயில் எழுதுங்கள், தேதி போட்டு.

அந்த நான்கு எண் தாளை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போய் ஏரியா மாற்றம் கேளுங்கள். மாதக் கடைசியில் போகாதீர்கள், எதுவும் அவர் காதில் ஏறாது. ஐந்தாம் தேதிக்குள் போங்கள்.